நல்ல தண்ணியில் செத்துப்போன இறால்கள்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இரண்டு குழாய் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சிறுவாணி அணையிலிருந்தோ பில்லூர் அணையிலிருந்தோ முறை வைத்து வரும். வருகிற அன்று வீட்டில் இருக்கிற அண்டா, குடம், டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். உப்புத் தண்ணி போரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான். எங்கள் வீடு பாலக்காடு சாலைப் பக்கம், மதுக்கரைக்குக் கொஞ்சம் முன்னால். எங்களுக்கு வருகிற நல்ல தண்ணி சிறுவாணி.

2021 ஜூலையில் 2 அடித் தொட்டி ஒன்று வாங்கி, அதில் செர்ரி இறால் (அழகுக்காக வளர்க்கிற சின்னச் சிவப்பு நன்னீர் இறால்) 20 விட்டேன். கருப்பு மணல், ஒரு மரவேர், கை நிறைய ஜாவா பாசி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். தண்ணீர் சுமார் 50 லிட்டர், முழுக்கச் சிறுவாணி. குளோரின் போகட்டும் என்று ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றினேன். எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. ஊரே பெருமையாகச் சொல்கிற தண்ணீர் இருக்கும்போது, உப்புத் தண்ணியையா ஊற்றுவோம்?

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு பெண் இறால் வயிற்றுக்கடியில் முட்டைக் கொத்தைச் சுமந்துகொண்டு, குட்டிக் கால்களால் அதற்குக் காற்று விசிறிக்கொண்டே பாசிமேல் நடந்ததை முதல்முறை பார்த்தபோது, இரவுச் சாப்பாட்டை மறந்து தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். முட்டை பொரிய நாலு வாரம் ஆகும். பொரிந்தால் வருவது லார்வா அல்ல, அப்படியே பெரிய இறாலின் அச்சு, எறும்பைவிடச் சின்னதாக. செப்டம்பர் கடைசியில் எண்ணினால் எழுபதுக்குமேல் இருந்தன.

அக்டோபரில் மெல்ல மாறியது. பகலெல்லாம் கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருந்தவை வேருக்கு அடியில் பதுங்க ஆரம்பித்தன. வாரத்துக்கு ஒன்று செத்தது, அப்புறம் மூன்று. செத்தவற்றில் சிலவற்றுக்குத் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் நூல் சுற்றியதுபோல ஒரு வெள்ளை வளையம். இறால் வளர வேண்டுமென்றால் சட்டை உரித்தாக வேண்டும். கழுத்துக்குப் பின்னால் ஓடு வெடித்து, ஒரே உதறலில் உடம்பை வெளியே இழுத்துக்கொள்ளும். ஓடு சரியாக வெடிக்காமல் முழுவதும் சுற்றிப் பிளந்துகொண்டால் அதற்கு வெளியே வர முடியாது. அந்த வளையம் தெரிந்த இறால் பிழைத்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒரு பிஎச் பேனா வாங்கினேன். பிஎச் என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண். 7 நடுநிலை, எண் இறங்க இறங்க அமிலம் அதிகம். தொட்டியில் வைத்தால் 5.9. சிறுவாணி டிரம்மில் வைத்தால் 7.4. ஒரே தண்ணீர், மூன்று மாதத்தில் இவ்வளவு இறங்கியிருக்கிறது. பிஎச் அளவு பத்து பத்தாகப் பெருகுவது. 7.4-க்கும் 5.9-க்கும் நடுவில் அமிலத்தன்மை முப்பது மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு இரவு பத்து மணி. உப்புத் தண்ணிக்கு பிஎச் அதிகம் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. தொட்டியிலிருந்து 15 லிட்டர் இறக்கிவிட்டு, ஒரு பக்கெட் உப்புத் தண்ணியை அப்படியே ஊற்றினேன். பத்து நிமிடம் கழித்து பேனா 7.7 காட்டியது. அப்பாடா என்று படுத்தேன்.

விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து விளக்கைப் போட்டால், கருப்பு மணல்மேல் ஆங்காங்கே சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கிடந்தன. சில பக்கவாட்டில் விழுந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. மகள் ஏழு மணிக்கு எழுந்ததும் தொட்டியைத்தான் வந்து பார்ப்பாள். அவள் எழுவதற்குள் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். முப்பத்தெட்டு. வயிற்றில் முட்டையோடு இருந்தவை நாலு.

பிஎச் 5.9-இல் மூன்று வாரம் தாக்குப்பிடித்தவை, "சரியான" 7.7-க்கு வந்த ஒரே இரவில் செத்தது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அது புரிந்த பிறகு தொட்டியைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

இறாலின் கழிவும், மிஞ்சிய தீனியும், அழுகும் இலையும் அம்மோனியாவாக மாறும். அதை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். இந்த வேலை நடக்கும்போதெல்லாம் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் விழுங்கிக்கொள்ளும். அந்தப் பைகார்பனேட்டின் அளவைத்தான் கேஎச் என்று சொல்கிறோம். ஒரு டிகிரி கேஎச் என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அமிலம் வந்துகொண்டே இருக்கும், கேஎச் அதை வாங்கி வாங்கிக் கரைந்துகொண்டே போகும், பிஎச் மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். கேஎச் தீர்ந்த பிறகுதான் பிஎச் சரியும். அதனால் பிஎச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கடைசி வாரம் வரைக்கும் ஒன்றுமே தெரியாது.

சிறுவாணியில் அந்தக் கேஎச் என் சோதனைப்படி ஒரே ஒரு டிகிரி. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது அந்த அணை. காட்டு மழை பாறைமேல் ஓடி, சுண்ணாம்பை அதிகம் தொடாமல் வந்து சேர்கிற தண்ணீர். வாய்க்கு இனிப்பதே அதில் அதிகம் ஒன்றும் கரைந்திருக்கவில்லை என்பதால்தான். மூன்று மாத அமிலத்துக்கு அந்த ஒரு டிகிரி எந்த மூலைக்கு?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 11 மில்லிகிராம் உருவானால், ஏறக்குறைய ஒரு டிகிரி கேஎச் கரைந்திருக்கும். செடிகள் அந்த நைட்ரேட்டை உறிஞ்சும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். என் தொட்டியில் இருந்தது கொஞ்சம் பாசிதான்.

பிஎச் 6-க்குக் கீழே போனதும் அந்தப் பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகிவிடும். அம்மோனியா தேங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற வடிவத்தில் இருக்கும், அதில் நஞ்சு மிகக் குறைவு. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 6-இல் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8-இல் அதுவே நூறில் 5 பங்கு. நான் ஊற்றிய ஒரு பக்கெட், தொட்டிக்குள் மூன்று வாரமாகச் சும்மா கிடந்த அம்மோனியத்தைப் பத்தே நிமிடத்தில் விஷமாக்கிவிட்டது. போதாததற்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 80-லிருந்து 380-க்குக் குதித்தது. தண்ணீரில் உப்பு திடீரென்று ஏறினால் இறாலின் உடம்பு தன் நீரைக் கட்டுப்படுத்தத் திணறும், தயாராகாத நேரத்தில் சட்டையும் உரிக்கத் தொடங்கும்.

அதனால் இதைப் படிக்கிற யாருக்காவது தொட்டியில் பிஎச் 6-க்குக் கீழே இறங்கியிருந்தால், முதலில் அம்மோனியா சோதனை செய்யுங்கள். பிஎச்சைத் தொட வேண்டாம். அதே மென்மையான தண்ணீரால் தினம் பத்தில் ஒரு பங்கு மாற்றி, தீனியை நிறுத்தி, அம்மோனியாவைக் குறையுங்கள். அது கிட்டத்தட்ட இல்லை என்று ஆன பிறகு கேஎச்சை ஒரு நாளைக்கு அரை டிகிரி வீதம் ஏற்றலாம். பிஎச் அதன்பின் தானாக வரும். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த முப்பத்தெட்டில் பெரும்பாலானவை இருந்திருக்கும்.

மிச்சமிருந்தவை பதினாறு. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நாட்களில் வழி காட்டியது அம்மா. சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்துக்கொண்டே, "உப்புத் தண்ணியில வெச்சா ஒரு மணி நேரம் ஆனாலும் பருப்பு வேகாதுங் கண்ணு. அதுல என்னமோ கல்லுச் சத்து இருக்குது" என்றார். அந்தக் கல்லுச் சத்துதான் என் இறாலுக்கு இல்லாமல் போனது. மதுக்கரையில் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே சிமெண்ட் ஆலை இருக்கக் காரணம் அங்கே இருக்கும் சுண்ணாம்புக் கல். அந்தக் கல் இருக்கிற மண்ணுக்கு அடியில் ஊறி வருகிற தண்ணீர்தான் எங்கள் போரில். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிவதும், வெந்நீர் போடுகிற ஹீட்டர் கம்பியில் பொருக்குப் பொருக்காகக் கட்டுவதும் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து செய்கிற வேலை. இறால் ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும், பிஎச்சைப் பிடித்து நிறுத்தப் பைகார்பனேட் வேண்டும். இரண்டும் மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் நின்றுகொண்டிருந்தது. வேண்டியதைவிடப் பல மடங்கு அதிகமாக.

அன்றே அளந்தேன். ஜிஎச் என்பது தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. உப்புத் தண்ணி: கேஎச் 16, ஜிஎச் 25, டிடிஎஸ் 1100. சிறுவாணி: கேஎச் 1, ஜிஎச் 2, டிடிஎஸ் 50. ஒரு பங்கு உப்புத் தண்ணிக்கு நாலு பங்கு நல்ல தண்ணி என்று கலந்தால் கேஎச் 4, ஜிஎச் 6 முதல் 7, டிடிஎஸ் 260. செர்ரி இறாலுக்கு இதைவிடப் பொருத்தமான தண்ணீரைப் பாக்கெட் உப்பு போட்டுத் தயாரிக்க முடியாது. ஆர்ஓ இயந்திரமும் வேண்டாம், தாது உப்புப் பொடியும் வேண்டாம். உங்கள் ஊரில் இரண்டு தண்ணீர் இல்லையென்றால், போர் தண்ணீரை வீட்டு ஆர்ஓ தண்ணீரோடு இப்படியே கலக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

கேஎச் சோதனை என்பது ஒரு சின்னக் குப்பியும் சொட்டு மருந்தும்தான். 5 மில்லி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் நீலமாகும். எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அத்தனை டிகிரி. சிறுவாணியை முதல்முறை சோதித்தபோது முதல் சொட்டிலேயே மஞ்சளானது. நீலத்தையே நான் பார்க்கவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தேன். கெடவில்லை. நான் 10 மில்லி எடுத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் ஒரு சொட்டுக்கு அரை டிகிரி, துல்லியம் கூடும். குப்பியை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் பச்சையாகி மஞ்சளாவது தெளிவாகத் தெரியும். இறால் வளர்க்கிறவர் ஒரே ஒரு சோதனைதான் வாங்க முடியும் என்றால், பிஎச் வேண்டாம், இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

பிஎச் பேனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னை இரண்டுமுறை ஏமாற்றியது. அதோடு வருகிற 4.01, 6.86 பொடிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மாதம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் அரைப் புள்ளி தள்ளிக் காட்டும். நுனியைக் காயவிட்டால் அதோடு சரி. அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் அல்ல. சிறுவாணி மாதிரி உப்புக் குறைந்த தண்ணீரில் எண் நிலைக்கவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பொறுமை இல்லாமல் எடுத்தால் பொய் எண்தான் கிடைக்கும்.

கலவை சரியானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நோட்டுப் போட்டு காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பிஎச் எழுத ஆரம்பித்தேன். முதல் வாரமே கலங்கிப்போனேன். மாலையில் 8.1, விடிகாலையில் 7.3. தினமும். கேஎச் 4-லேயே நிற்கிறது, பிறகு எதற்கு இந்த ஆட்டம்? கேஎச்சை 6 ஆக்கிப் பார்த்தேன். எண்கள் இரண்டும் கொஞ்சம் மேலே நகர்ந்தன, நடுவில் இருந்த இடைவெளி அப்படியே இருந்தது.

இது வேறு சங்கதி. பகலில் செடியும் பாசியும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும், பிஎச் ஏறும். இரவில் எல்லா உயிரும் அதை வெளியே விடும், பிஎச் இறங்கும். கார்பன் டை ஆக்சைடால் வருகிற இந்த ஏற்ற இறக்கத்தைக் கேஎச் தடுக்காது. கேஎச் தடுப்பது மற்ற அமிலங்களின் சரிவை. இதை நிறுத்த வேண்டுமானால் தண்ணீரையும் வெளிக்காற்றையும் நன்றாகக் கலக்க வேண்டும். இரவில் காற்று மோட்டாரை நிறுத்தும் பழக்கம் எனக்கு இருந்தது, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று. அதை விட்டேன். மோட்டாருக்கடியில் பழைய துண்டை மடித்து வைத்தேன், சத்தம் அடங்கியது. தொட்டிமேல் முழுதாக மூடியிருந்த கண்ணாடியை இரண்டு விரல் தள்ளி வைத்தேன். இடைவெளி 0.8-லிருந்து 0.3-க்கு வந்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த 0.8 ஆடியபோதும் ஒரு இறால் சாகவில்லை. ஒரு குளத்திலோ ஓடையிலோ தினமும் நடப்பதுதான் அது. செடிகளுக்காக கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிற தொட்டிகளில் தினம் ஒரு புள்ளி ஏறி இறங்குகிறது, அங்கேயும் செர்ரி இறால் குட்டி போடுகிறது. அந்த ஆட்டத்தில் தண்ணீரில் கரைந்த உப்பும் கால்சியமும் மாறுவதில்லை, அதனால் இறாலால் தாங்க முடிகிறது. நாம் பக்கெட்டில் ஊற்றும்போது பிஎச்சோடு சேர்ந்து எல்லாமே மாறுகிறது. "பிஎச் மாறினால் இறால் சாகும்" என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டால் எனக்கு இப்போது மனம் ஒப்புவதில்லை. எதனால் மாறியது என்று கேட்க வேண்டும். மூச்சால் மாறியதா, கேஎச் தீர்ந்து மாறியதா, நம் கையால் மாறியதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நம் கையால் மாறுவதுதான் அதிகம். புதிதாக வருகிறவர்கள் பிஎச் 8 என்றதும் பயந்து, குறைக்கிற திரவத்தை வாங்கி ஊற்றுகிறார்கள். எனக்கும் ஒரு கடையில் அதைத்தான் கொடுத்தார்கள். கேஎச் அதிகம் இருக்கிற தண்ணீரில் அந்த அமிலம் சில மணி நேரம் பிஎச்சை இறக்கும், மறுநாள் பிஎச் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். திரும்ப ஊற்றுவார்கள், திரும்ப ஏறும். உள்ளே இருக்கிற உயிருக்கு அது தினமும் ஒரு அடி. செர்ரி இறால் 6.5-லிருந்து 8 வரை எங்கே வேண்டுமானாலும் வாழும். உங்கள் தண்ணீர் 7.9-இல் நிலையாக நின்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். (கிரிஸ்டல் இறால் வகை வேறு ஜாதி. அதற்குக் கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும், பிஎச்சை 6 பக்கம் பிடித்து வைக்கிற சிறப்பு மண் வேண்டும். இங்கே சொல்கிற எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.)

தண்ணீர் மாற்றும் விதம். வாரம் ஒருமுறை, 5 லிட்டர், அதற்குமேல் இல்லை. முந்தின நாளே 20 லிட்டர் டிரம்மில் 4 லிட்டர் உப்புத் தண்ணி, 16 லிட்டர் நல்ல தண்ணி கலந்து, காற்று மோட்டாரில் மாட்டிக் குமிழி விடுகிற காற்றுக் கல் ஒன்றைப் போட்டு இரவு முழுக்க ஓடவிடுவேன். இதில் குளோரின் போவது ஒரு பக்கம். போரிலிருந்து நேராக வருகிற தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கும் என்பது இன்னொரு பக்கம். குழாயில் பிடித்த உடனே பேனா 7.1 காட்டிய அதே தண்ணீர், மறுநாள் காலை 8.2 காட்டியது. உடனே பிடித்து அளந்து, "தொட்டி பிஎச்சும் இதுவும் ஒன்றுதான்" என்று ஊற்றியிருந்தால் ஏமாந்திருப்பேன். மறுநாள் டிரம்மைத் தொட்டிக்குமேல் ஸ்டூலில் வைத்து, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக இறக்குவேன். 5 லிட்டர் இறங்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மற்ற வேலையைப் பார்க்கலாம்.

ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு இந்தக் கலவையை ஊற்றக் கூடாது. அதற்கு வெறும் சிறுவாணி. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பும் கால்சியமும் தொட்டியிலேயே தங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குமேல் போகாமல் இருக்கச் சின்ன மின்விசிறி ஒன்றை மேலே வைக்கிறேன், அப்போது தினம் ஒரு லிட்டர் வரை குறைகிறது. முதல் கோடையில் கலவையையே ஊற்றிக்கொண்டிருந்தேன், ஆறு வாரத்தில் டிடிஎஸ் 260-லிருந்து 450 ஆகிவிட்டது. இப்போது கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணி, அவ்வளவுதான்.

வெளியூர் போகிற நாட்களுக்காக ஃபில்டர் பக்கத்தில் ஒரு துண்டு கடல்நுரை போட்டு வைத்திருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், கூண்டுப் பறவைகளுக்கு வைப்பார்களே, அதேதான், கணவாயின் ஓடு. நல்ல கால்சியம் கார்பனேட். முதலில் மிதக்கும், தண்ணீர் ஊறியதும் மூழ்கும். தண்ணீர் அமிலமாக ஆக வேகமாகக் கரையும், பிஎச் 8 பக்கம் இருக்கும்போது கிட்டத்தட்ட கரைவதே இல்லை. வேண்டிய நேரத்தில் மட்டும் வேலை செய்யும். கிளிஞ்சலும் இதையே செய்யும், இன்னும் மெதுவாக. மணலையும் கல்லையும் தொட்டியில் போடும் முன் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மதுக்கரைப் பக்கம் சாலையோரத்தில் எடுத்த ஒரு வெள்ளைக் கல்லைச் சுரண்டி வினிகர் விட்டபோது மெல்லப் பொரிந்தது. மகள் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள்.

சமையல் சோடாவும் கேஎச்சை ஏற்றும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி. ஆனால் அதில் கால்சியம் இல்லை, சோடியம்தான் சேரும். வேறு எதுவும் கையில் இல்லாதபோது, டிரம்மில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடலாம். அவசரத்துக்கு மட்டும்.

நாட்டுப் பாதாம் இலையை இறால் விரும்பி மேயும், நானும் போடுகிறேன். கேஎச் 4 இருக்கும்போது ஒரு இலை பிஎச்சை அசைத்ததாக நோட்டில் இல்லை. கேஎச் இல்லாத அந்த முதல் தொட்டியில் மாதம் நாலு இலை போட்டேன். சரிவில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

கூரியரில் இறால் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இறாலைப் பழக்குவதை எவ்வளவு நேரம் நீட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். இரண்டு நாள் பைக்குள் அடைந்து வந்த தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறி பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியா அம்மோனியமாக அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், என் பக்கெட் அன்றிரவு செய்த அதே வேலை பைக்குள் சின்ன அளவில் நடக்கும். அதனால் நீண்ட பயணத்தில் வந்தவை என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் முடித்து, பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் வலையில் எடுத்து விடுகிறேன். பழக்கும்போது அந்தத் தண்ணீரில் காற்றுக் கல்லும் போடுவதில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கி அரை மணியில் வீட்டுக்கு வந்தவற்றுக்கு இந்தப் பயம் இல்லை, இரண்டு மணி நேரம் நிதானமாகப் பழக்கலாம்.

மூன்றாவது ஆண்டில் இன்னொரு பாடம். நாலுக்கு ஒன்று என்ற கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொண்டு சோதனையை விட்டுவிட்டேன். டிசம்பரில் மறுபடி ஒரு வெள்ளை வளையம். அளந்தால் தொட்டியில் கேஎச் 2-க்கு வந்திருக்கிறது. தொட்டியில் தவறில்லை, போரில்தான் மாற்றம். அக்டோபர், நவம்பர் மழை நிலத்துக்குள் இறங்கி, உப்புத் தண்ணியின் கேஎச் 16-லிருந்து 11 ஆகியிருந்தது, டிடிஎஸ் 1100-லிருந்து 750. பழைய கணக்கில் கலந்தால் டிரம்மிலேயே 3 டிகிரிதான் வரும், தொட்டிக்குள் போனதும் அதிலும் குறையும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதம் முதல் ஞாயிறும் போர் தண்ணீரை அளந்துவிட்டுத்தான் அந்த மாதத்துக் கலவையை முடிவு செய்கிறேன். மழைக்காலத்தில் 20 லிட்டருக்கு 6 லிட்டர் உப்புத் தண்ணி. பிப்ரவரியில் 5. ஏப்ரலில் மறுபடி 4.

மின்வெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், செல்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அந்தப் பதினாறிலிருந்து வந்தவை இப்போது மூன்று தொட்டிகளில் இருக்கின்றன. எண்ணுவதை விட்டுவிட்டேன். சொட்டு எண்ணும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். குப்பியைத் தாள்மேல் வைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் சத்தமாக எண்ணி, எட்டாவதில் மஞ்சளானதும் "நாலு டிகிரி, ப்பா" என்று நோட்டில் தேதியோடு எழுதுகிறாள். நாளைக்கு நல்ல தண்ணி முறை. டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.